பூட்டுக்காரரின் வாயும் வக்கீல் கட்டணமும்

வக்கீலம்மாவின் அறை இரண்டாம் மாடியில் இருந்ததா, மூன்றாம் மாடியிலா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. சாவிக்காரியின் குடும்பத்தார் சொல்லிக் கேட்டு வெகுகாலமாகிறது. நினைவில் இருப்பதில் பாதி நானாக இட்டு நிரப்பியதாகவும் இருக்கலாம். ஆனால் சாவிக்காரி படியேறிப் போய், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்ட கேள்வியை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்? சுத்தி வளைக்காம சொல்லுங்க."

தெருவில் அவளுக்குச் சாவிக்காரி என்றே பெயர். கணவர் பூட்டுக்காரர். அவள் கடையில் உட்கார்ந்து சாவி வெட்டுவாள். அவர் வீடு வீடாகப் போய்த் திறக்காத பூட்டைத் திறப்பார். கடை அவள் பெயரில் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு ஆலையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவளே வாங்கியது.

பூட்டுக்காரர் இப்போது சிறையில் இருந்தார். அவரை உள்ளே அனுப்பியது அவருடைய வாய்தான். ஒரு நிதி நிறுவனத்தின் பெட்டக அறை, விடுமுறை முடிந்து வந்தவர்களுக்குத் திறக்கவில்லை. அவரைக் கூப்பிட்டார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டவர், வாங்கிவரச் சொன்ன டீ வருவதற்குள் திறந்துவிட்டார். உள்ளே துடைத்து வைத்ததுபோல் காலி. போலீஸ் வந்தது.

"கதவுல ஒரு கீறல் இல்ல. இந்த ஊர்ல இதை வேற யாரால திறக்க முடியும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் தெரியாது என்று சொல்லிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்கள். இவர் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

"என்னை விட்டா ஆளே கிடையாது சார். வேணும்னா எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

எழுதிக்கொண்டார்கள். அவரும் அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு வழி இருக்கும்மா. உடந்தையா இருந்தேன்னு ஒத்துக்கிட்டா, கொஞ்ச நாள்ல வெளிய வந்துடலாம். அதுக்கு என் பீஸ் கம்மி. இல்ல, எதிர்த்து நடத்தணும்னா ஜாமீன், விசாரணை, சாட்சின்னு வருஷக்கணக்காகும். அலைஞ்சு விசாரிக்க ஆள் வைக்கணும்."

ஒரு காகிதத்தில் தொகையை எழுதி அவள் பக்கம் திருப்பினார். கடையை நேரில் பார்த்து விலை மதிப்பிட்டுவிட்டு வந்தவர் எழுதியதுபோல் இருந்தது.

"கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"பாதிக் காசு குடுத்தா சாவியில பாதிப் பல்லு மட்டும் வெட்டித் தருவீங்களா?"

சாவிக்காரி காகிதத்தை மறுபடி பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

"அது சாவியே இல்லைங்களே," என்றாள் கடைசியில்.

"கேஸும் அப்படித்தான். இந்தத் தொகையில பாதி, உங்க வீட்டுக்காரர் வாயை மூடி வைக்கறதுக்கு."

அன்று மாலை அவள் அண்ணன் வந்தார். வாடகைக்கு ஓட்டும் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, கடையின் கதவைப் பாதி இறக்கிய பிறகே பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ளையை ஒத்துக்கச் சொல்லு. அந்தச் சின்ன பீஸை நான் தரேன். கடையாவது மிஞ்சும்."

"செய்யாததை எப்படிண்ணே ஒத்துக்கறது?"

"ரோஷத்தை வச்சு உலை வைக்க முடியாது. கடையும் போனா நடுத்தெருவுல நிப்ப."

"திருடன்னு எழுதிக் குடுத்த ஆளை எந்த வீட்டுல கதவுகிட்ட சேப்பாங்க? அவர் பொண்டாட்டிகிட்ட யாரு வீட்டுச் சாவியைக் குடுப்பாங்க? அப்புறம் இந்தக் கடையை வச்சுக்கிட்டு ஈ ஓட்டவா? தெருவுலயே நிக்கறேண்ணே. நிமிந்து நிப்பேன்."

அண்ணன் எழுந்தார். கதவை முழுதாக இறக்க உதவிவிட்டுப் போனார்.

சிறையில் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் பூட்டுக்காரர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ஒத்துக்கிட்டதா எழுதிக் குடுத்துடறேன். கடையாவது உனக்கு இருக்கட்டும்."

"நீங்களா எடுத்தீங்க?"

"என்னையே கேக்கறியே!"

"அப்ப எதுக்குப் பொய் சொல்றீங்க? பெருமை பேசித்தான் உள்ள வந்தீங்க. பொய் சொல்லி வெளிய வர வேண்டாம். இனிமே வக்கீலம்மா சொல்லாம வாயத் திறக்கக் கூடாது."

"உன்கிட்டயுமா?"

"மொதல்ல என்கிட்டதான்."

கைதான பிறகு அவர் அன்றைக்குத்தான் சிரித்தாராம்.

கடையைப் பக்கத்துத் தெரு இரும்பு வியாபாரிக்கு விற்றாள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அவள் முகம் சுளிக்கவில்லை என்று அண்ணன் சொல்வார். வந்த பணத்தை அப்படியே வக்கீலம்மாவின் மேசையில் வைத்து, "ரசீது குடுங்க," என்றாள். யாரிடமும் கை நீட்டாமல் கொடுத்த பணம். படியிறங்கும்போது முதுகு நிமிர்ந்திருந்தது.

வக்கீலம்மாவின் ஆட்கள் ஊரெல்லாம் அலைந்தார்கள். விடுமுறை நாட்களில் பூட்டுக்காரர் யார் யார் கதவைத் திறந்தார், எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று தேடிப் பிடித்து ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார்கள். திருட்டு நடந்ததாகப் போலீஸ் சொன்ன இரவு முழுவதும் அவர் ஒரு மருத்துவமனை மருந்துக் கிடங்கின் கதவோடு மல்லுக்கட்டியிருக்கிறார். நர்சுகள் வந்து சொன்னார்கள். பிறகு வக்கீலம்மா இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"முடியும்னு சொன்னாரா, செஞ்சேன்னு சொன்னாரா?"

"முடியும்னுதான்."

"வேற என்ன ஆதாரம் இருக்கு?"

இன்ஸ்பெக்டர் கோப்பைப் புரட்டினார். நீதிபதி காத்திருந்தார். புரட்டிய கை நின்றது.

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று நீதிபதி கேட்டபோது பூட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டை அழுத்திக் காட்டினாள்.

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

விடுதலையானார். அண்ணன் வாசலிலேயே வக்கீலம்மாவைப் பிடித்துக்கொண்டார். "குத்தம் இல்லன்னு ஆயிடுச்சே, செலவான பணம் திரும்ப வராதா?"

"வராதுங்க. குத்தம் செய்யாதவருக்கும் இதே பீஸ்தான்."

"வரலேன்னா போகட்டும்," என்றாள் சாவிக்காரி.

கடை திரும்பி வரவேயில்லை. அதே கடையில், அதே இயந்திரத்தில் அவள் கூலிக்குச் சாவி வெட்டுகிறாள். பூட்டுக்காரர் வீடு வீடாகப் போகிறார். எல்லோரும் நம்பிக் கதவைக் காட்டுகிறார்கள். அந்த நிதி நிறுவனம் இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் போகவில்லை. வக்கீலம்மா பெரிய அலுவலகத்துக்கு மாறிவிட்டார். இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனார். அண்ணன் இன்னமும் தங்கையைப் பைத்தியக்காரி என்கிறார். ஆனால் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் அவள் கதையைத்தான் சொல்கிறார். பெட்டகத்தைக் காலி செய்தவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.