எங்க மாமியார் வூட்டு மருந்து

எங்க மாமியார் வூட்டுல சாராயத்துக்குப் பேரு மருந்து. கல்யாணமாயி வந்த புதுசுல எனக்கு அது தெரியாது. "மாமா மருந்து சாப்புடறாரு, தொட்டுக்க எதனா வையி"ன்னு அத்தை சொல்லுவாங்க. ஐயோ பாவம், மனுசனுக்கு இன்னா வியாதியோன்னு நானும் முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். வியாதி கொறையல, மருந்துதான் கூடிக்கினே போச்சி.

மதுவிலக்கு காலம் அது. குடிச்சா போலீஸு புடிச்சிக்கினு போவான். அதனால சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில காய்ச்சறத எங்க மாமா சவரிநாதன் தர்மாஸ்பத்திரி மிக்சர் பாட்டில்ல வாங்கியாரச் சொல்லுவாரு. வேளைக்கு எவ்ளோன்னு காயிதத்தப் பல்லு பல்லா வெட்டி ஒட்டியிருப்பாங்களே, அந்தப் பாட்டிலு. டாக்டரு கணக்கு வேளைக்கு ஒரு பல்லு. எங்க மாமா கணக்கு வேளைக்கு ஒரு பாட்டிலு. வாங்கியார்றது யாரு? என் கொழுந்தன் யாகப்பன். வெவரம் தெரியாத வயசுலேருந்து அவன்தான். சின்னப் புள்ள கையில மருந்து பாட்டிலப் பாத்தா எந்தப் போலீஸு நிறுத்துவான்? "யாருக்குடா ஒடம்பு சரியில்ல?"ன்னு கேட்டு சைக்கிள்ல ஏத்தியாந்து வூட்டு வாசல்ல எறக்கி வுட்டுட்டுப் போன புண்ணியவானும் உண்டு.

அந்த மருந்து கேக்காத நோவே அங்க இல்ல. சளி புடிச்சா நெஞ்சுல தடவிட்டு மிச்சத்த வாயில ஊத்துவாங்க. வயித்து வலின்னா ஒரு ஸ்பூனு. பல்லு மொளைக்கிற கொழந்தைக்கு வெரல்ல தொட்டு ஈறுல தேப்பாங்க. மாமியார் வூடு ஆர்.சி., நான் பொறந்தது சி.எஸ்.ஐ. குடும்பம். எங்கப்பா ராப்போஜனத்துக்கே வெறும் திராட்சச் சாறுதான் வாங்கணும்னு கோயில் கமிட்டில சண்ட போட்டவரு. என் மவன் ஜெபதாஸு பொறந்தப்பவே முடிவு பண்ணிட்டேன், அந்தப் பாட்டிலு எம்புள்ள வாயாண்ட வரக்கூடாது. "அப்போ கத்தினே கெடக்கட்டும்"னு அத்தை மூஞ்சத் தூக்கி வச்சிக்கினாங்க. கத்தட்டும்னேன்.

அவனுக்குப் பல்லு வர்ற நேரத்துலதான் குருத்து ஞாயித்துக்கெழம வந்திச்சி. யாகப்பனுக்கு அப்போ பதினஞ்சு வயசு. பூசைக்கு ஒதவி பண்ற பையன். ஓலையப் புடிச்சிக்கினு ஓசன்னா பாடிக்கினு முன்னால போனவன், பாதித் தெருவுல திரும்பி சாமியாரக் கட்டிப் புடிச்சிக்கினு, "மச்சான், நீ ரொம்ப நல்லவன் மச்சான்"னான். அப்பறம் அவரு அங்கி மேலயே வாந்தி எடுத்தான். வெறும் வயித்தோட பூசையில நன்ம அப்பம் வாங்கணும்னு சொல்லி அனுப்புன புள்ள. தின்ன இட்லியெல்லாம் ஊருக்கே தெரிஞ்சி போச்சி.

சாமியாரு அங்கியத் தொடச்சிக்கினே சொன்னாரு. "இவனுக்கு இத்தப் பழக்கி வுட்டவன் யாருன்னு கண்டுபுடிச்சி நாளைக்குக் காலையில எங்கிட்ட இட்டுக்கினு வாங்க. இல்லன்னா நம்ம ஸ்கூல்ல இவனுக்கு எடமில்ல."

மத்தியானம் வூட்டுல பஞ்சாயத்து. சினிமாக் கொட்டாயிதான் காரணம்னாரு எங்க வூட்டுக்காரரு அருளப்பன். படப்பயில கீற சைக்கிள் கட பசங்கன்னாங்க அத்தை. மாமா நல்லா யோசிக்கணும்னு ஒரு கிளாஸு மருந்து ஊத்திக்கினாரு. குடிச்சிட்டு பெல்ட்ட உருவினாரு.

"சொல்றா! ஒனக்கு மொதமொத குடுத்தவன் எவன்? அவன் கைய ஒடைக்கிறேன்!"

அந்தப் புள்ள திமிரா பேசல. வாத்தியாரு கேள்வி கேட்ட மாதிரி நெத்தியச் சுருக்கி நெசமாவே யோசிச்சான்.

"மொதமொதன்னா... பல்லு மொளைக்கச்சே அம்மா தேச்சாங்களாம். எனக்கு ஞாபகமில்ல. கிறிஸ்மஸுக்கு நீ மடியில ஒக்கார வச்சி ஸ்பூன்ல ஊத்திக் குடுத்தது ஞாபகம் கீது. நான் மூஞ்சச் சுளிச்சேன், எல்லாரும் கை தட்டுனீங்க. பரீச்சைக்கு பயமா கீதுன்னேன், அண்ணன் ரெண்டு பல்லு குடிச்சிட்டுப் போடான்னுச்சி."

எனக்கு சிரிப்பு பொத்துக்கினு வந்திச்சி, முந்தானையால வாய மூடிக்கினேன். யார் கையன்னு மாமா ஒடைப்பாரு? தன் கையிலேருந்து ஆரம்பிக்கணும்.

"ஆனா நான் சாராயம் குடிக்கலப்பா"ன்னான் யாகப்பன். "நேத்து நீ அம்மாவ அடிச்ச. அப்பறம் எனக்குத் தூக்கமே வரல. காலையிலயும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினே இருந்திச்சி. மருந்துதான் சாப்ட்டேன்."

என் சிரிப்பு செத்துப் போச்சி.

தூளியில ஜெபதாஸு வீல்னு கத்தினான். பேச்ச மாத்த ஒரு வழி கெடச்சிதுன்னு அத்தை சட்டுனு எழுந்தாங்க. "ஈறு நோவுது கொழந்தைக்கு. இன்னிக்காவது எம்பேச்சக் கேளு ரூத்து. ஒரே ஒரு சொட்டு. டேய் யாகப்பா, அந்த மருந்த எடு."

நான் ஓடிப்போயி புள்ளயத் தூக்கி மாரோட அணைச்சிக்கினேன். யாகப்பன் பழக்க தோஷத்துல எழுந்து, மாமா முன்னால இருந்த பாட்டில எடுத்துக்கினு என்னாண்ட வந்தான். "கிட்ட வந்தீன்னா கொன்னுடுவேன்டா"ன்னேன். அவன் குனிஞ்சி கொழந்த வாயப் பாத்தான். கீழ் ஈறுல அரிசி மாதிரி ஒரே ஒரு பல்லு. அப்பறம் தக்கையப் புடுங்கினான், பாதிக்கு மேல இருந்தத மடக் மடக்குனு அவனே குடிச்சிட்டான். கண்ணுல தண்ணி கொட்டுது.

"தீந்துட்ச்சிம்மா"ன்னான். "பாப்பாவுக்கு இல்ல."

மாமா காலிப் பாட்டிலப் பாத்தாரு. பாழாப்போன வாயி, தானா தொறந்துக்கிச்சி. "டேய் யாகப்பா, ஓடிப்போயி இன்னொரு..." பாதியில நின்னுட்டாரு.

"நீங்களே போங்க மாமா"ன்னேன். "போலீஸு கேட்டா பல்லு மொளைக்குதுன்னு சொல்லுங்க. காலையில நீங்க, அத்தை, உங்க பெரிய புள்ள மூணு பேரும் துவைச்ச துணி கட்டிக்கினு ரெடியா இருங்க, சாமியாரு கேட்ட ஆளுங்கள நானே இட்டுக்கினு போறேன்."

மாமா எடத்த வுட்டு அசையல. அத்தை அந்தப் பாட்டில மடியில வச்சிக்கினு குலுங்கிக் குலுங்கி அழுதாங்க. யாகப்பன் என் காலாண்டயே செவுத்துல சாஞ்சி தூங்கிட்டான். ஜெபதாஸு மட்டும் கத்தினே இருந்தான். கத்தட்டும்னு வுட்டேன்.