டிஸ்க் வேஷம் போட்ட மோடம்

மழைநாள் மதியங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கடிகாரத்தை அவை மதிப்பதே இல்லை. அன்றும் அப்படித்தான், அறை முழுக்கச் சாம்பல் நிற வெளிச்சம் தண்ணீர் மாதிரி தேங்கி நின்றது. மணி இரண்டா ஆறா என்று பார்த்த கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குருவியின் கடிதம் நான்கு மணிக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

குருவி என்பது, ஊரில் ஒயர் வேலை பார்ப்பதால் ஒயர்காரர் என்றே பேர் வாங்கியவர் தன் மனைவிக்கு வைத்த பெயர். பறவைகளை எண்ணுவது அவள் உத்தியோகம். சிரிக்காதீர்கள், அதற்கும் சம்பளம் தருகிறார்கள். கரையிலிருந்து ஒரு நாள் படகில் போகிற தீவு ஒன்றில் இரண்டு வருடம் தங்கிக் கணக்கெடுக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று நான்கு மணிக்குள் மின்னஞ்சலில் பதில் வராவிட்டால், வேலை வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான்கு நாளாக இருவருக்கும் பேச்சில்லை. சண்டையா என்றால், சண்டை போட்டிருந்தாலாவது தேவலையே! "தீவுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் அவள். "நல்லதுதானே" என்றார் இவர். தீர்ந்தது கதை. ஊரில் யார் வீட்டு ஒயர் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்டவைக்கிற மனுஷருக்கு, 'நீ போனால் நான் என்ன செய்வேன்' என்று வீட்டில் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லை. வாயைத் திறந்தால் என்ன, முத்தா உதிர்ந்துவிடும்?

போதாததற்கு, சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியவர்கள் காலையில் தெருக் கேபிளை வெட்டிவிட்டார்கள். வீட்டிலும் நெட் இல்லை, முனைக் கடையிலும் இல்லை. கைபேசியோ பேச மட்டும் தெரிந்த பழைய ரகம். குருவி வீட்டு அலமாரியைக் குடைந்து, ஆபீஸில் எப்போதோ தந்த, சிம் கார்டில் நெட் பிடிக்கிற, கட்டைவிரல் அளவு பழைய மோடம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"என்னங்க, இது வேலை செய்யுமா பாருங்களேன்."

நான்கு நாளில் முதல் வார்த்தை. ஒயர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் கணினியை இயக்கியது லினக்ஸ் என்ற இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் கண்ட சாமானையும் சொருகினால் 'வாங்க, வாங்க' என்று ஓடிவந்து வரவேற்காது. வந்தது யார் என்று நாம்தான் விசாரிக்க வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பெயரை ஒயர்காரர் ஒருநாளும் நம்பமாட்டார். ஒரே பெயருக்குள் நாலு விதமான சிப் இருக்கும் என்பார். அவர் வழி வேறு. சொருகாமல் ஒரு தடவை, யூஎஸ்பியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்பார். சொருகிவிட்டு மறுபடி கேட்பார். எந்த வரி புதிதாக வந்ததோ அவன்தான் ஆசாமி.

முதல் பட்டியலில் ஐந்து வரி. மோடத்தைச் சொருகினார். ஆறு. ஆறாவது வரியில் பெயர் இல்லை, வெறும் எண்கள். கணினி தனக்குத்தானே எழுதிவைக்கும் குறிப்புகளைத் திறந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மெதுவாக மேலேறிப் போயின. கடைசி வரி, 'சிடி டிஸ்க்' என்றது.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இந்த ரக மோடம் முதலில் டிஸ்க் மாதிரி வேஷம் போடும். தன்னை ஓட்டத் தேவையான மென்பொருளை அதற்குள்தான் ஒளித்து வைத்திருக்கும். 'போதும் நடிப்பு' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் வேஷத்தைக் கலைத்துவிட்டு மோடமாகிவிடும். போன மாதம்கூட ஒருவருக்கு இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்தார்.

குருவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்ன சொல்லுது?"

"டிஸ்க்னு சொல்லுது."

பொய்யில்லை. திரையில் அப்படித்தான் இருந்தது.

"மோடம் இல்லையா அப்ப?"

அவர் திரையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அந்தக் கறுப்புத் திரை கடலாயிற்று. வெள்ளை எழுத்துகள் கூட்டம் கூட்டமாக எழும்பிப் பறந்தன. நடுவில் ஒரு பாறைமேல் குருவி நின்று, விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் கரையிலிருந்து கூப்பிட்டார். காற்று அவர் குரலை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. அவள் திரும்பவேயில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ தெரியாது. பின்னால் அலமாரிக் கதவு கிறீச்சிட்டதும்தான் இந்த அறைக்குத் திரும்பி வந்தார்.

குருவி தன் பைனாகுலரை உறைக்குள் போட்டு மேல் தட்டின் கோடிக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். விருந்தாளி போனபின் பாயைச் சுருட்டுவது மாதிரி, அவ்வளவு சாதாரணமாக எடுத்துவைத்தாள்.

ஒயர்காரர் திரையின் பக்கம் திரும்பினார். சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார். கட்டளையைத் தட்டினார். மோடத்தின் விளக்கு அணைந்து, நீலமாக எரிந்தது. பட்டியலை மறுபடி கேட்டார். டிஸ்க் போய் மோடம் வந்திருந்தது. இருக்கிறாயா என்று அதனிடம் இரண்டெழுத்தில் கேட்டார். 'ஓகே' என்றது.

"குருவி! ஓடி வா, கிடைச்சிருச்சு!"

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடிதம் போயிற்று. அவள் நீளமாக மூச்சுவிட்டு, கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"அனுப்பினதைப் படிச்சுப் பாருங்க. உங்களைக் கேக்காம எழுதிட்டேன். கேட்டா 'நல்லதுதானே'ன்னு அதே மாதிரி சொல்லிடுவீங்களோன்னு பயம்."

நாலே வரி. வர விருப்பம்தான். கணவரையும் அழைத்துவர அனுமதி வேண்டும். ஒயர் வேலை, ரேடியோ வேலை எல்லாம் தெரிந்தவர், தீவுக்கு உதவுவார். அவருக்கு இடமில்லையென்றால் என்னையும் எதிர்பார்க்க வேண்டாம்.

அவர் இரண்டாவது தடவை படித்தார். எழுத்துகள் கலங்கலாகத் தெரிந்தன.

"அது மோடம்தான்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "நீ போகக்கூடாதுன்னுதான் சொல்லாம இருந்தேன்."

குருவி அவர் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"அடப்பாவி மனுஷா! அதை நாலு நாள் முன்னாடி சொல்றதுக்கு என்ன?"

"பயமா இருந்துச்சு குருவி. நீ இல்லாம என்னால முடியாது."

"இப்ப மட்டும் வருதா வாய்?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.