மலை சுற்றி வந்த இன்ஜின்

1

இந்தக் கதை ஓர் ஆயில் மூடியிலிருந்து வந்தது. வேட்டவலம் சாலையில் ஒரு லாரிப் பட்டறை. எதிரே டீக்கடை. நான் அங்கே போவது டீக்காக. கதை பொறுக்கப் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, அதே ஓட்டையின் மேல் கவிழ்த்து வைத்தார் ஒருவர். மூடி குதித்தது. குபுகுபுவென்று புகை வந்தது.* சுற்றி நின்றவர்கள் முகத்தில் சாவு வீட்டுக் களை. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானே சேர்த்தது.

(* மேலே வெடித்து வண்டியைத் தள்ள வேண்டிய காற்று, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று அர்த்தம். புதிதாகக் கட்டிய இன்ஜினில் இது நடக்கவே கூடாது.)

2

முதலில் எழுதியது: 'அண்ணாமலையின் உச்சியில் மேகம் கவிந்திருந்த ஒரு'

வேண்டாம். இந்த ஊரில் பேனா பிடிக்கிற எல்லோரும் மலையில்தான் தொடங்குகிறோம். மலைக்கே அலுத்திருக்கும்.

அடுத்தது: 'முருகவேல் கைராசிக்காரன் என்று'

இதுவும் வேண்டாம். கதை முடிவதற்குள் பொய்யாகிவிடலாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். தருமனுக்குச் சொந்தமாக ஒரு லாரி. அவன் மனைவி மணிமொழி. அவளுடைய அண்ணன் முருகவேல் பட்டறை வைத்திருக்கிறான். தருமனின் லாரி இன்ஜினைப் பிரித்துக் கட்டியவன் அவன்தான். கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே ஆயிலைக் குடித்தது, நீலப் புகை கக்கியது, ஆரணி அரிசி லோடோடு மேட்டில் ஏற முடியாமல் நின்றது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் தருமனைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

3

டீசலைச் சந்தேகப்பட்டார்கள். ஃபில்டர் மாற்றினார்கள். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சோதித்தார்கள். பிறகுதான் அந்த மூடியைக் கவிழ்த்து வைத்தது. கோளாறு உள்ளே, ரிங் பக்கம் என்று தெரிந்துபோனது.

தருமன் பட்டறையில் நின்றே மணிமொழியிடம் கத்தினான். "உங்கண்ணன் கைதான் தப்பு பண்ணியிருக்குன்னு தெரிஞ்சா, என் பொண்ணு அவன் மடியில உக்கார மாட்டா. அண்ணாமலையார் மேல சத்தியம்."

அடுத்த வாரம் குழந்தைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். முருகவேலுக்குப் பிள்ளை இல்லை. இவளைத்தான் தூக்கிக்கொண்டு திரிவான். தருமன் சொன்னதை மாற்றுகிற ஆள் இல்லை; அதிலும் சாமி பேரில் சொல்லிவிட்டான்.

(இங்கே அப்பாசாமி என்று ஒரு முதிய மெக்கானிக்கை வைத்திருந்தேன். இன்ஜின் சத்தத்தை வைத்தே நோய் சொல்வார், ஒரு தத்துவமும் உதிர்ப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இந்த மூன்று பேருக்கு நடுவில் அவருக்கு வேலை இல்லை.)

4

இன்ஜின் பிரிந்து கிடந்தபோதே மணிமொழிக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. இன்ஜின் உயிர் பெற்றதும் வண்டி முதலில் மலையைச் சுற்ற வேண்டும் என்பது. பிரதோஷத்துக்குள் முடித்துக் கொடு என்று அண்ணனை நச்சரித்தாள். அவனும் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்தான். அவள் குழந்தையோடு வெறுங்காலில் முன்னால் நடந்தாள். மாலை போட்ட லாரி, பாரம் இல்லாமல், முதல் கியரில் பின்னால் ஊர்ந்தது. எட்டு லிங்கத்திடமும் நின்று சூடம் ஏற்றினார்கள். புது இன்ஜினை வழியில் அணைத்தால் அபசகுனம் என்று எங்கேயும் அணைக்கவில்லை. அடி அண்ணாமலையில் சாப்பிட உட்கார்ந்தபோதும் உறுமிக்கொண்டேதான் இருந்தது.*

(* பாரம் இழுத்தால்தான் புது ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றுக்கொன்று பழகும். வெறுமனே உறுமிக்கொண்டு கிடந்தால் சுவர் வழவழவென்று மெருகேறிவிடும், ரிங் பிடிக்காது. பக்தியால் ஓர் இன்ஜின் கெடுவது இந்த ஊரில் மட்டும்தான் நடக்கும் என்று நினைக்கிறேன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

5

முருகவேல் தானே பிரித்தான். ஹெட்டைத் தூக்கியதும் மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி மின்னியது. பாரமில்லாமல் மெதுவாக ஓடினால் இப்படித்தான் மெருகேறும் என்றான் முருகவேல்.

"பாத்தீங்களா?" என்றாள் மணிமொழி. "என் வேண்டுதலாலதான். மெதுவா ஓட்ட வெச்சது நான்தான். அண்ணன் மேல தப்பில்ல."

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். முடித்துத்தான் இருந்தேன். மணிமொழி பழியை ஏற்றுக்கொள்கிறாள், குழந்தை மாமன் மடியில் உட்காருகிறது, சுபம். ஆனால் முருகவேல் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை.

"இரு மணி. இன்னும் முடியல. ரிங்கையும் பாக்கணும்."

"எதுக்குண்ணா? அதான் தெரிஞ்சிருச்சே?"

"பாதிதான் தெரிஞ்சுது. மெதுவா ஓட்டாதேன்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். சாமி காரியத்துல வாய வைக்க மனசு வரல. நீ சாமி கும்பிட்டது தப்புன்னு சொல்லிட்டு நான் மட்டும் தப்பிச்சுக்கறதா?" தருமனைப் பார்த்தான். "மேல் ரிங்க நேரா போட்டனா, தலைகீழா போட்டனான்னு எனக்கே ஞாபகம் இல்ல மாப்ள. அன்னிக்கு அவ்ளோ அவசரம்."

கீழிருந்து தள்ளிப் பிஸ்டனை வெளியே எடுத்தான். மேல் ரிங்கை விரித்து, திருப்பாமல் உருவி, அப்படியே உள்ளங்கையில் வைத்து நீட்டினான். கருப்பு எண்ணெய் படிந்திருந்தது. துடைத்தால் மேல்பக்கத்தில் சின்ன எழுத்து தெரிய வேண்டும். தெரிந்தால் முருகவேல் சரியாகப் போட்டிருக்கிறான். தெரியாவிட்டால் தலைகீழ், தப்பு அவன் கையில்.

"நீயே தொடைச்சிப் பாரு மாப்ள."

6

எழுத்து இருந்தது என்று எழுதினேன். மணிமொழி ஆயுசுக்கும் மலையைப் பார்த்துக் கும்பிடக் கூசுவாள். கிழித்தேன்.

எழுத்து இல்லை என்று எழுதினேன். காது குத்துகிற அன்று முருகவேல் பட்டறை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தான். அதற்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை. அதையும் கிழித்தேன்.

துடைக்காமல் தருமன் ரிங்கைக் குப்பையில் எறிந்தான் என்றும் எழுதிப் பார்த்தேன். அழகாக இருந்தது. ஆனால் அது என் ஆசை, தருமனுடையது இல்லை. நடுரோட்டில் நின்று திட்டு வாங்கியவனுக்குத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

நான் சொல்லிக் கொடுக்காமலே மணிமொழி கடைசியாக ஒன்று பேசினாள். அழவில்லை. புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்காதீங்க. பாத்துட்டா சொன்னதச் செஞ்சிடுவீங்க. உங்கள எனக்குத் தெரியும்."

தருமன் அவளைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். முருகவேல் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளவில்லை.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இவர்கள் மூன்று பேரும் வேண்டியவர்களாகிவிட்டார்கள்; தீர்ப்பு எழுத மனம் வரவில்லை. நீங்கள் எழுதலாம். எதை எழுதினாலும், இவர்களில் ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டியிருக்கும்.

தருமன் மனைவியின் பிடியிலிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, துணியை எடுத்தான்.