பதினோரு மணி ஸ்கேன்

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தான் துப்புரவுக்காரன். வழக்கமாக ஒரு தடவைதான். இன்று யாரோ பெரிய மனிதர் ஸ்கேன் எடுக்க வருகிறாராம். பினாயில் வாடையே இருக்கக்கூடாது என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார்.

பெஞ்சில் பதினோரு பேர். கடைசியில் அவன் மனைவி. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பவள். முதலில் இடது கண் மங்கியது, இப்போது வலதும். தலைவலி வந்தால் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று போன வாரம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தலையை ஸ்கேன் எடுத்தால்தான் மேற்கொண்டு பேசலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. இன்று பதினோரு மணிக்குத்தான் இடம் கிடைத்தது.

"கொஞ்சம் காலைத் தூக்கிக்கோ."

தூக்கினாள். "வீட்ல ஒரு நாளாவது இப்படித் துடைச்சிருக்கீங்களா?"

அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

பத்தே முக்காலுக்குப் பதிவு மேசைக்காரி எழுந்து வந்தாள். "ரூம் சாயங்காலம் வரைக்கும் அவருக்கு ஒதுக்கியாச்சு. எல்லாரும் வேற தேதி வாங்கிக்கோங்க."

அவன் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அவளிடம் போனான். "மேடம், இது என் வீட்டுக்காரி. கண்ணு போயிக்கிட்டே இருக்கு. கொஞ்சம் பாத்து..."

"உன் வீட்டுக்காரிக்கு மட்டும் குடுத்தா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?"

சீட்டில் புதுத் தேதி எழுதினாள். இரண்டரை மாதம் கழித்து.

"விடுங்க," என்றாள் மனைவி. "கத்தினா உங்க வேலையும் போயிடும்."

பெரிய மனிதர் வந்தார். கால் மணி நேரத்தில் வெளியே வந்து, கூட வந்தவரிடம், "ஒண்ணுமில்ல, வருஷா வருஷம் சும்மா பாத்துக்கறதுதான்," என்று சொல்லிக்கொண்டே போனார். அப்போது மணி பதினொன்று இருபது.

அறையைத் துடைக்கக் கூப்பிட்டார்கள். உள்ளே குளிர்ந்தது. இயந்திரம் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

"தம்பி, மிஷின் சும்மாதானே இருக்கு?"

ஸ்கேன் எடுப்பவன் புது விரிப்பை இழுத்துச் சரிசெய்தான். துப்புரவுக்காரன் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மாதான் இருக்குண்ணே. கம்ப்யூட்டர்ல ஆறு மணி வரைக்கும் அவரு பேருதான். நான் கை வச்சா மாட்டிக்குவேன்."

அவன் குனிந்து துடைத்தான். நிமிர்ந்தபோது கதவுக் கண்ணாடி வழியே மனைவி தெரிந்தாள். சுவரைத் தடவிக்கொண்டே போனவள் படிக்கட்டின் மேல் நின்றாள். ஒரு காலை நீட்டி, முதல் படி எங்கே இருக்கிறதென்று தேடினாள்.