பெயர் நீக்கம்

சைராகான் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புச் சால்வையை அவிழ்த்து, தம்பி மகள் பெர்மெத்தின் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். சாவுக்காக முற்றத்தில் போட்டிருந்த கம்பளிக் கூடாரத்துக்குள் ஒப்பாரி பாதியில் நின்றது. திரைக்கு அந்தப் பக்கம் தம்பி தெமிர்குல் கிடந்தான். நாற்பது வயது, நேற்று விடிகாலையில் போனவன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்கடி எழுந்துட்ட? தம்பியக் கெடத்தி வெச்சுக்கிட்டுக் கூடப் பொறந்தவ வெளிய போறது எந்த ஊர் வழக்கம்?" என்றாள் பக்கத்து வீட்டு ஜிபார்.

"மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன். சாவுச் சீட்டு வாங்கணும்."

"அடக்கம் ஆகட்டுமே. நாளைக்கு வாங்கினா ஆகாதா?"

"நாளைக்குள்ள அவங்க இஷ்டத்துக்கு எழுதி அனுப்பிருவாங்க."

ஊர் நர்ஸ் காலையில் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். டாக்டர் காலிபெகவ் இறப்புக்குக் காரணம் மனநோய் என்றுதான் எழுதப்போகிறாராம். மதியத்துக்குள் தாள் பதிவு அலுவலகத்துக்குப் போய்விடுமாம். அந்த ஒரு சொல் விழுந்தால் அது செத்தவனோடு போய்விடாது. பெர்மெத் மருத்துவக் கல்லூரிக்கு மனுப் போட்டிருக்கிறாள். அங்கேயும் கேட்பார்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்களும் கேட்பார்கள். இவளுடைய அம்மா ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாமல் போனவள். இப்போது அப்பனும் இல்லை. அத்தையையும் விட்டால் இவளுக்காகப் பேச ஊரில் நாதி கிடையாது.

வெளியே ஆண்கள் கையில் கோலூன்றி வரிசையாக நின்று, வருகிறவர்களைக் கண்டதும் குரலெடுத்து அழுதுகொண்டிருந்தார்கள். அடுப்பில் குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது. சைராகான் நேரே போய் வரிசையில் நின்ற ஜோல்தோஷின் கையைப் பிடித்தாள்.

"வண்டிய எடு."

ஜோல்தோஷ் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிறவன். ஒன்பது வருஷத்துக்கு முன்பு அது தெமிர்குல் ஓட்டிய வண்டி.

பாதி வழி தாண்டியிருந்தார்கள். ஏரி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது.

"அக்கா, தெமிர்குல்ல வண்டியில இருந்து எறக்கச் சொல்லி அன்னைக்கு எல்லாரும் மனுவுல கையெழுத்துப் போட்டாங்க. நானும் போட்டேன்."

"தெரியும்."

"பிள்ளைங்க போற வண்டியாச்சேன்னு பயந்துதான்..."

"அவன் ஒரு பிள்ளைய ஒரு தடவ அதட்டிப் பாத்திருக்கியா நீ? ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு குளிர்காலம் தெமிர்குல் தூங்காமல் கிடந்தான். காதில் யாரோ பேசுகிறார்கள் என்றான். நகரத்து ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். குரல் நின்றது, மறுபடி வரவே இல்லை. ஆனால் பெயர் மனநோயாளிகள் பட்டியலில் ஏறிவிட்டது. பட்டியலில் பெயர் இருப்பவன் வண்டி ஓட்டக் கூடாது, லைசென்ஸை ஒப்படைக்க வேண்டும். ஐந்து வருஷம் நோய் இல்லாமல் இருந்தால் பெயரை எடுத்துவிடலாம் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மூன்று டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாவட்டத்தில் இருப்பது காலிபெகவ் ஒருவர். மனநலத்துக்கும் அவரே, மற்ற நோய்க்கும் அவரே. இருந்தும் அவர் ஒருவரே மூவர் ஆக முடியாதாம். தெமிர்குல் மாதம் தவறாமல் போய் நின்று, வந்ததற்கு அடையாளம் வாங்கிக்கொண்டு திரும்பினான். ஒரு மாதமும் அவன் தவறவில்லை. தவறியதெல்லாம் அவர்கள்தான்.

ஆஸ்பத்திரி நடையில் கால் வைத்ததும் சைராகான் நின்றுவிட்டாள். எதிர்ச் சுவரில் தெமிர்குல் சிரித்துக்கொண்டிருந்தான். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி, கையில் பூங்கொத்து. இரண்டு வருஷத்துக்கு முன்பு தலைநகரிலிருந்து ஆட்கள் வந்து மனநல ஆதரவு அறை என்று ஒன்றைத் திறந்தார்கள். அரசின் புதுத் திட்டம், இனி யாரும் ஒதுக்கப்பட மாட்டார்கள் என்று பேசினார்கள். முன்வரிசையில் உட்கார ஒரு நோயாளி வேண்டுமென்று இவனைத்தான் கூப்பிட்டார்கள். இவனும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான், இப்போதாவது பெயரை எடுப்பார்கள் என்று. படத்தைப் பெரிதாக அச்சடித்து அறை வாசலில் மாட்டினார்கள். அறைக்கு ஆள் போடவில்லை. பூட்டிய கதவின் கண்ணாடி வழியே பார்த்தால் நாற்காலிகள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

பதிவு ஜன்னலில் இருந்த எழுத்தர் குல்சூன் அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். "கேள்விப்பட்டேன் அக்கா. அவரு மருத்துவக் கார்டை எடுத்துட்டேன். மூடணும்ல."

நோயாளியின் கார்டை வீட்டாருக்குக் காட்டமாட்டார்கள். இத்தனை வருஷத்தில் அதன் அட்டையைக்கூட சைராகான் கிட்டத்தில் பார்த்ததில்லை. இன்று குல்சூன் அதை மேசைமேல் வைத்துவிட்டு முத்திரையைத் தேடினாள். சைராகான் அதைத் தன் பக்கம் திருப்பிக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கார்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனாள்.

காலிபெகவ் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "ஆண்டவன் அவனுக்கு நல்ல இடம் தரட்டும். உக்காருங்க. சீட்டு எழுதிட்டேன்."

"காரணம் என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"கார்டுல இருக்கறதுதான். நான் ஆளை வந்து பாக்கலையே."

"பாக்காம எப்படித் தெரிஞ்சுது?"

"அக்கா, பட்டியல்ல இருக்கறவங்களுக்கு அப்படித்தான் எழுதறது. பழக்கம்."

"நேத்து விடியக்காலையில நெஞ்ச அமுக்கிக்கிட்டுத் துடிச்சான். நான்தான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். வேற ஊசி எதாச்சும் போட்டுத் தொலைக்கப் போறாங்களேன்னு, அவன் சாப்பிடற மாத்திரையையும் சேத்துச் சொன்னேன். அது நான் செஞ்ச தப்பு. உடனே போனை எடுத்த பொண்ணு, 'ஓ, பட்டியல் ஆளா, அதுக்கு நகரத்துல இருந்து மனநல வண்டிதான் வரணும்'னுது. நெஞ்சு வலிங்குறான்மான்னேன். 'அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க'ன்னுது. அஞ்சு மணி நேரம் கழிச்சு வந்தாங்க. ரெண்டு தடியனுங்க, கையில கட்டிப்போடற வாரு. செத்துக் கெடந்தவனப் பாத்து, இனி எங்க வேலை இல்லன்னு திரும்பிப் போனாங்க."

"அது என் கையில இல்ல. விதிமுறை."

"சரி, இது யார் கை?" சைராகான் கார்டை அவர் முன்னால் விரித்து வைத்தாள். "பதினஞ்சு நாளைக்கு முன்ன நான்தான் கூட்டிட்டு வந்தேன். 'நெஞ்சில் வலி, இடது கை மரத்துப் போகிறது என்கிறார். மன உளைச்சல். மாத்திரையைக் கூட்டவும்.' உங்க எழுத்துதானே டாக்டர்?"

அவர் படிக்கவில்லை. கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தார். திறந்துதான் இருந்தது. நடையில் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"இதயம்னு எழுதுங்க. இல்லைன்னா இந்தப் பக்கத்த அங்க நின்னு சத்தமாப் படிப்பேன். என் தம்பி படத்துக்குக் கீழயே நின்னு படிப்பேன்."

காலிபெகவ் எழுதிய சீட்டைக் கிழித்தார். வேறு தாள் எடுத்தார். இரண்டு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிப்போனது. தாளை நீட்டும்போது அவர் விரல் கார்டின் மேல் இருந்தது.

"கார்டு இங்கயே இருக்கட்டும் அக்கா. அது ஆஸ்பத்திரிச் சொத்து."

அந்தப் பக்கம் இன்று மாலைக்குள் காணாமல் போகும் என்று அவளுக்குத் தெரியும். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். இதய அடைப்பு என்று இருந்தது. பெர்மெத்துக்கு வேண்டியது இந்தத் தாள்தான். இவர்களை இழுத்துக் கோர்ட்டில் நிறுத்த வேண்டியது அந்தக் கார்டு. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. கார்டை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஜன்னலில் குல்சூன் ஒரு சின்னத் துண்டுச் சீட்டையும் பழைய உறை ஒன்றையும் நீட்டினாள். "இதுல கையெழுத்துப் போடுங்க. பட்டியல்ல இருந்து பேரை எடுத்தாச்சு."

சீட்டில், 'பெயர் நீக்கப்பட்டது. காரணம்: மரணம்' என்றிருந்தது. முத்திரை ஈரம் காயவில்லை.

"மூணு டாக்டர் வேணாமா இதுக்கு?"

குல்சூன் உறையைத் தட்டிக் காட்டினாள். "உறையில அவரு லைசென்ஸ் இருக்கு. பேரை எடுத்தா திருப்பித் தரணும்னு விதி."

ஒன்பது வருஷமாக அவன் கேட்டது மூன்று நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. சைராகான் கையெழுத்துப் போட்டாள். போகும்போது சுவரைக் காட்டி, "அந்தப் படத்தயாவது எடுத்துருங்க" என்றாள்.

"அத மேல கேக்காம எடுக்க முடியாது அக்கா."

ஊர் திரும்பியபோது உடலைக் கூடாரத்திலிருந்து வெளியே கொண்டுவந்து முற்றத்தில் வைத்திருந்தார்கள். தொழுகை முடிந்திருந்தது. சைராகான் பெண்களோடு போய் நின்றுகொண்டாள். மௌல்வி ஆண்களைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"மக்களே, இவர் எப்படிப்பட்ட மனுஷன்?"

"நல்ல மனுஷன்" என்றார்கள் எல்லாரும், ஒரே குரலில். அவனை வண்டியிலிருந்து இறக்கச் சொல்லி மனுக் கொடுத்தபோதும் இவர்களுக்கு இதே ஒரே குரல்தான் இருந்தது. ஜோல்தோஷின் உதடு மட்டும் அசையவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உடலை ஏற்றிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. முற்றம் காலியானது. பெர்மெத் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, என்ன எழுதினாங்க?"

"இதயம்."

பெர்மெத் தாளை வாங்கிப் படித்துவிட்டு மடித்தாள். "எனக்காகப் போய்ச் சண்டை போட்டீங்களா?"

"உனக்காகவும்தான். இந்தா, இது உங்கப்பனோடது."

உறையிலிருந்த படத்தில் தெமிர்குல்லுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெர்மெத் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முற்றத்து மூலைக்குப் போனாள். அங்கே அவனுடைய பழைய ஜிகுலி கார் ஒன்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றது. ஞாயிறுதோறும் காலையில் அவன் ஏறி உட்கார்ந்து, எஞ்சினை முடுக்கிக் கால் மணி நேரம் ஓடவிட்டு அணைப்பான். நின்றுபோனால் துருப்பிடித்துவிடும், பேர் எடுத்ததும் வேண்டியிருக்கும் என்பான். ஒரு அடி நகர்த்தியதில்லை.

பெர்மெத் ஏறி உட்கார்ந்து லைசென்ஸைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி வைத்தாள். சாவியைத் திருப்பினாள். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. கூடாரத்துக்குள்ளிருந்து ஜிபார் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த கோழிகள் சிறகடித்து வெளியே வந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை.