கடப்பாரைக்கு வைத்த பொட்டு

காசிக்கு முன்வரிசையில் ஒரு பல் கிடையாது. கேட்டவர்களிடமெல்லாம் பொங்கல் கரும்பைக் கடித்தபோது போனது என்பான். பதினைந்து வருஷமாக வீடு இடிக்கிறவன், நெம்பும்போது கை வழுக்கித் தன் கடப்பாரையாலேயே மூஞ்சியில் வாங்கினான் என்று தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியுமா? பெண்டாட்டி ஆதிலட்சுமியிடமும் அதே கரும்புக் கதைதான். அவளும் நம்பிவிட்டாள் என்று நாலு வருஷமாக நிம்மதியாக இருந்தான்.

அவள் பூக்கட்டுவதை விட்டுவிட்டு இவனோடு இடிக்கிற வேலைக்கு வந்ததும் அதே நாலு வருஷத்துக்கு முன்புதான். நாளெல்லாம் உட்கார்ந்து கட்டினால் இடுப்பு வலிக்கிறதாம். செங்கல் சுமந்தால் மட்டும் வலிக்காதா என்று காசி கேட்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு வேலை ஓடும். இல்லாத நாளில் எரிச்சல்தான் வரும்.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷ விஜயதசமி. செங்கம் ரோட்டில் சக்கரபாணியின் ஓட்டு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்க அந்த இடத்தில் அறைகள் கட்டப் போகிறார். கூரை இறங்கியாயிற்று; வாசலில் தேக்கு நிலை மட்டும் பாக்கி. அது உடையாமல் வர வேண்டும், புதுக் கட்டடத்துக்கும் அதுவே வாசல் என்று சொல்லியிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் பண்டிகைக்குப் போய்விட்டதால் அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

முந்தின நாள் ஆயுத பூஜையில் காசி தாராளம் காட்டியிருந்தான். ஆறடிக் கடப்பாரைக்கு நல்லெண்ணெய் பூசி, மேலிருந்து கீழ்வரை ஐந்து இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தான். காலையில் அதே கோலத்தில் அதைத் தூக்கினான்.

"ஏங்க, அதத் தொடச்சிட்டு எடுங்க. கை புடிக்கிற எடமெல்லாம் எண்ணெயும் சந்தனமுமா கீது."

"பூஜை போட்டத மறுநாளே தொடைக்கறதா? ஆயுதத்துக்குக் கோவம் வந்துடும்டி."

"அதுக்குக் கோவம் வந்தா ஒரு சூடம் ஏத்தி நான் சமாதானம் பண்ணிக்கறேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார்கிட்ட போயி பேசறது?"

காசி சிரித்தான். அவள் விடவில்லை.

"சரி, மொதல்ல சின்னதால நெம்புங்க. சந்துல வெரல்கூட நொழையல. இவ்ளோ பெருச சொருகினா மரம் நசுங்கிடும்."

சின்னது என்றால் முழங்கை நீளம், முனை தட்டையாக வளைந்த கம்பி. காசிக்கும் அதுதான் சரி என்று தெரியும். ஆனால் முதல் பொட்டு வாங்கியதற்குத்தான் முதல் வேலை என்பது அவன் வீம்பு. பெரிய கடப்பாரையைச் சந்தில் குத்தி இறக்கினான். ஆதிலட்சுமி நிலையின் அடியில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடப்பாரை அழுத்துகிற இடத்தில் ஒரு கட்டையாவது அண்டக்கொடுக்கலாம் என்று அவள் எழுந்து நாலடி போயிருப்பாள். அதற்குள் காசி பொறுமையில்லாமல் மொத்த உடம்பையும் சாய்த்து இழுத்தான்.

கை வழுக்கியது. கடப்பாரை துள்ளிக் கிளம்பி, அவன் காதை உரசிக்கொண்டு போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் விழுந்தது. அங்கே அவள் வைத்திருந்த சுண்டல் தூக்கு ஒரு பக்கம் அப்படியே அமுங்கிப்போயிற்று.

காசி இடிபாட்டில் உட்கார்ந்துவிட்டான். தூக்கு இருந்த இடத்தில் அவள் இருந்திருந்தால்? அவளில்லாமல் ஒரு நாள்கூட அவனால் முடியாது. அதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

ஆதிலட்சுமி கையில் கட்டையோடு நின்றாள்.

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கடப்பாரையை நுனியிலிருந்து நுனிவரை துடைத்தான். பிசுக்குப் போகச் செங்கல் தூளைப் போட்டுத் தேய்த்தான். கை போகாத உச்சியில் ஒரே ஒரு பொட்டை மட்டும் விட்டுவைத்தான்.

பிறகு நிலையைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புப் பட்டைகளைச் சுற்றிக் காரையைக் கொத்தி எடுத்தான். சின்னக் கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தைப் பெரிதாக்கினான். அப்புறம்தான் பெரியதைச் சொருகி, கட்டையை அண்டக்கொடுத்து, முகத்தை விலக்கி ஒதுங்கி நின்று நெம்பினான். கயிறு கட்டி அவள் எட்ட நின்று தாங்கினாள். நிலை கீறல் இல்லாமல் இறங்கியது. சக்கரபாணி வந்து தடவிப் பார்த்து முகம் மலர்ந்து போனார்.

மத்தியானம் நசுங்கின தூக்கில் மிச்சமிருந்த சுண்டலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

"லட்சுமி, அந்தப் பல்லு கரும்புல போவலடி."

"தெரியும்."

"எப்படி?"

"உங்க அப்பா தவறின வருஷம் அது. நம்ம வூட்ல பொங்கலே வெக்கல, கரும்பு எங்கருந்து வரும்? கடப்பாரையில இருந்த ரத்தத்தக் கழுவி வெச்சதே நான்தான்."

அப்போதுதான் காசிக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப உன் இடுப்பு வலி?"

"அதுவும் உங்க கரும்பு மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு, தன் பங்கில் இருந்ததையும் அவன் கையில் போட்டாள்.