மூன்றாவது கம்பி

கல்பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூடத்துக்குள் திரும்பியபோது மேடைக்காரன் அதன் முன்முனையை மட்டும்தான் பார்த்தான். கதவு நிலையில் இடிக்கக் கூடாது, தொங்கும் விளக்கில் படக் கூடாது, புதிதாகப் பெயின்ட் அடித்த சுவரில் கோடு விழக் கூடாது. பின்முனை தன்பாட்டுக்கு ஒரு அரைவட்டம் போட்டு, சோபாவுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் நின்ற மனைவியின் எலெக்ட்ரிக் கிட்டாரை லேசாகத் தொட்டது. அடி என்றுகூடச் சொல்ல முடியாது. கிட்டார் கொஞ்சம் யோசித்ததுபோல் ஆடிவிட்டுத் தலைகுப்புற விழுந்தது. ஆறு கம்பிகளும் சேர்ந்து முனகின. பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனால் நாலு எட்டு அதிகம். அந்தச் சோம்பலை விடச் சொல்லி அவள் வாய் வலிக்கச் சொல்லியிருந்தாள்.

வீடுகளுக்குச் சமையல் மேடை அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். கருங்கல், செயற்கைக் கல், எதுவானாலும் அளந்து, அறுத்து, விளிம்பை மழுக்கிப் பொருத்திவிடுவான். அதனால்தான் அந்தப் பெயர். மனைவி ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிக்கத் தொடங்கியபின் பெயருக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்துகொண்டது. "அக்கா மேடையில ஏறுறா, மாமா மேடையப் போடுறாரு, குடும்பமே மேடைதான்" என்று அவன் மச்சினி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். குழுவில் பாடுகிறவள் அவள்தான்.

கிட்டாரைத் தூக்கி நிறுத்தி, வியாபாரியிடம் கல் வாங்கும்போது பார்ப்பதுபோல் விரல் நுனியால் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை. கழுத்து நேராக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடப்போகும் நேரத்தில்தான் காலடியில் அரிசிக் குருணை மாதிரி ஒரு வெள்ளைத் துணுக்கைக் கண்டான். ஒளிக்கவெல்லாம் அவனுக்குத் தெரியாது. அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு உடனே போன் போட்டான்.

"கிட்டார் விழுந்துருச்சு. நான்தான் தள்ளிட்டேன்."

 விபத்து வார்டு டாக்டர் மாதிரி அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கழுத்து?"

"நல்லா இருக்கு."

"பிரிட்ஜ்?"

"அடியில கம்பியெல்லாம் கோத்திருக்கே, அதானே? அது அப்படியே கல்லு மாதிரி இருக்கு."

"நட்?"

"எந்த நட்டு? போல்ட்டெல்லாம் டைட்டாத்தான் இருக்கு."

"ஐயோ, அந்த நட்டு இல்லங்க. தலைக்குக் கீழ, கம்பியெல்லாம் ஏறி உக்காந்துட்டுப் போகுமே, வெள்ளையா, குச்சி மாதிரி."

அவன் உள்ளங்கையில் இருந்த குருணையைப் பார்த்தான். "அதுல ஒரு ஓரம் என் கையில இருக்கு" என்றான்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் மதியம் ஏரிக்கரை ஹோட்டலில் அவர்கள் குழு வாசித்துக் காட்ட வேண்டும். மேலாளருக்குப் பிடித்தால் வாரக் கடைசிகளில் நிரந்தரமாக அங்கேதான் வாசிப்பு. கடை வேலை முடிந்து, மூட்டு வலியோடு பஸ் பிடித்து, யாரோ ஒருவர் வீட்டு வண்டிக் கொட்டகையில் பயிற்சி செய்துவந்த நாலு பேருக்கும் அது பெரிய விஷயம். அவளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் பெரிய விஷயம். போன வருஷம் இதே மாதிரி ஓர் இடத்தில் வாசித்துக் காட்டியபோது இரண்டாம் பாட்டிலேயே அவள் கிட்டார் சுருதி விலகிவிட்டது. "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, அந்த கிட்டார்தான் என்னமோ மாதிரி" என்று அந்த இடத்துக்காரர் சொன்னதை மச்சினி அக்காவிடம் மறைக்கப் பார்த்தாள். டிரம்ஸ் வாசிக்கிறவனுக்கு மறைக்கத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் அந்தக் கிட்டாரைப் படித்தாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் படுக்கப்போட்டு, கம்பியைக் கழற்றி, மாட்டி, இழுத்து, கேட்டு, மறுபடி கழற்றி. புதுக் கம்பி மாட்டினால் ஒவ்வொன்றையும் விரலால் தூக்கித் தூக்கி இழுப்பாள், இழுத்ததும் சுருதி இறங்கும், ஏற்றுவாள், மறுபடி இழுப்பாள். இனி இறங்க மாட்டேன் என்று கம்பி ஒப்புக்கொள்ளும்வரை விட மாட்டாள். கிட்டார் தலையில் கம்பியை முறுக்கும் கீயைத் திருகும்போது சுருதி கொஞ்சம் மேலே போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்த மாட்டாள். நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, கீழிருந்து மேலே ஏற்றி வந்துதான் நிறுத்துவாள். "மேல இருந்து இறக்கினா கீக்குள்ள தொய்வு நின்னுரும். வாசிக்கும்போது நழுவும்" என்பாள். அவனுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான். ஆனால் தப்பாக உட்கார்ந்த கல்லைச் சிமென்ட் காயுமுன் பெயர்த்து மறுபடி வைக்கிறவன் அவன். அந்தப் பிடிவாதம் என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது இசைக்கருவிக் கடை பூட்டியிருந்தது. போனில் பிடித்ததற்கு, அந்த அளவு நட் வரவழைக்க ஒரு வாரமாகும் என்றார்கள். மச்சினி பதறிப்போய் யாரிடமோ இரவல் கிட்டார் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பளபளவென்று, வால் பக்கம் ஒரு கைப்பிடி வைத்தது.

"வேணாம்டி. அது ஊஞ்சல்ல கட்டின பிரிட்ஜ்" என்றாள் இவள். "ஒரு கம்பியத் தொட்டா மத்த அஞ்சும் கோவிச்சுக்கும். என்னோடது அசையாது. திருகாணி போட்டு இறுக்கினது. அது தப்புப் பண்ணா ஒண்ணு தலையில இருக்கும், இல்ல என் விரல்ல இருக்கும். தேடிக் கண்டுபுடிச்சுரலாம்."

"தலையே உடைஞ்சு கெடக்கேக்கா."

 அக்கா உடைந்த நட்டை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "நீங்க போன வாரம் டாக்டர் வீட்டுல போட்டீங்களே வெள்ளை மேடை, அது என்ன கல்லு?"

"செயற்கைக் கல்லு. இழைச்சா மெழுகு மாதிரி இழையும், ஆனா கெட்டி."

சொல்லி முடிக்கும்போதே அவனுக்கும் புரிந்துவிட்டது.

பின்கட்டுக் கொட்டகையில் வெட்டுத்துண்டுகளுக்கா பஞ்சம். ஒன்றை எடுத்து விரல் நீளத்துக்கு அறுத்தான். பழைய நட்டை அதன்மேல் வைத்துக் கம்பி போகும் ஆறு இடங்களையும் ஊசியால் கீறிக்கொண்டான். சமையல் மேடையில் நூலளவு பிசகினால் சிலிக்கான் பசை பூசி மூடிவிடலாம். இங்கே மூட எதுவும் இல்லை என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். பள்ளம் இறுக்கமாக இருந்தால் கம்பி சிக்கும், ஆழமாகப் போனால் கம்பி தாழ்ந்து கழுத்துக் கட்டையில் உரசி இரையும். முதல் துண்டில் அவசரப்பட்டு மூன்றாவது பள்ளத்தை ஆழமாக்கிவிட்டான். மீட்டியதும் குளவி மாதிரி இரைந்தது. அவன் வாய்க்குள் ஏதோ சொல்லித் துண்டைத் தூக்கிப் போட்டான். அவள் இன்னொரு வெட்டுத்துண்டை எடுத்து நீட்டினாள்.

இரண்டாவது துண்டை ரொம்ப நிதானமாகச் செய்தான். கனமான கம்பிகளுக்கு, அவள் கழற்றிப்போட்ட பழைய கம்பியையே அரம் மாதிரி இழுத்துப் பள்ளம் போட்டான். அந்த யோசனையைக் கேட்டு அவள் "அட!" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த "அட"வை அவன் அதிகம் கேட்டதில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் பென்சில் முனையைத் தேய்த்துக் கரியை நிரப்பினாள், கம்பி வழுக்கிக்கொண்டு போவதற்கு. துளிப் பசை வைத்து நட்டை ஒட்டி, கம்பிகளை ஏற்றி, பழையபடி இழுக்க ஆரம்பித்தாள். இழுப்பதும் ஏற்றுவதும், இறங்குவதும் ஏற்றுவதும். மேஜைமேல் சுருதி காட்டும் சின்னக் கருவி பச்சையும் சிவப்புமாகக் கண் சிமிட்டியது. அவள் அதை ஒரு கம்பிக்கு மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏன், அதுதான் சரியாச் சொல்லுதே?"

"சொல்லும். ஆனா மேடையில பாட்டுக்கு நடுவுல அதைப் பாத்துட்டு நிக்க முடியாதுல்ல. இங்க வாங்க, இந்த ரெண்டையும் கேளுங்க."

இரண்டு கம்பிகளை ஒரே சுருதியில் வரும்படி அழுத்தி ஒன்றாக மீட்டினாள். கடையில் கண் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசும் குரலில், "இது ஒண்ணாக் கேக்குதா, ரெண்டாக் கேக்குதா?" என்றாள்.

"சத்தமாக் கேக்குது."

"விளையாடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. உள்ள ஒரு அலை ஓடும்."

கண்ணை மூடினான். முதலில் ஒன்றுமில்லை. அவள் மறுபடி மீட்டினாள். மறுபடி. தான் முட்டாளாக நிற்பதாகத் தோன்றியது. பிறகு, சத்தத்துக்குள்ளே ஏதோ ஒன்று மெல்ல வீங்கி வடிவது கேட்டது. "வவ்... வவ்... வவ்." இது இத்தனை நாளும் எங்கே இருந்தது? அவள் கீயைத் தொட்டாள். அலை நீண்டது, சோம்பியது, படுத்துவிட்டது. இரண்டு கம்பிகளும் ஒரே குரலாக நின்றன. இரண்டு பலகைகளை ஒட்டி, இணைப்பின்மேல் நகத்தை ஓட்டும்போது நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கிப் போகுமே, அதேதான். அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"போச்சு, அலை போச்சு!" என்று கத்தினான்.

அவள் சிரித்தாள். அவன் கிட்டாரைத் தள்ளிவிட்டதற்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

மறுநாள் அவர்கள் நேரத்தோடே ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். ஹோட்டலுக்குள் குளிர், வெளிமேடையில் வெயில். கிட்டார் அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும் என்று அவள் அதைப் பெட்டியிலிருந்து எடுத்து மேடை ஓரத்து நிழலில் நிறுத்திவைத்தாள். வெகுநேரம் தொடவே இல்லை. பிறகுதான் சுருதி பார்த்தாள். மேலாளர் வெள்ளைச் சட்டைக்காரர், தூர மேஜையில் போனோடு உட்கார்ந்திருந்தார். இடைவெளி இல்லாமல் மூன்று பாட்டு வாசிக்கச் சொல்லிவிட்டு மறுபடி போனைப் பார்த்தார்.

மேடைக்காரன் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். சட்டைப்பையில் அரமும் பென்சிலும் இருந்தன, அவற்றால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும். முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் மச்சினி குரலைத் திறந்து பாடினாள்; சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் கரண்டியை வைத்தார்கள். நடுவில் கிட்டாருக்கு ஓர் இடம் வந்தது. அவள் மூன்றாவது கம்பியை விரலால் தள்ளி வளைத்து, குரல் உயர்வதுபோல் உயர்த்தி, மெல்லத் திரும்ப இறக்கினாள்.

இறங்கிய இடத்தில் அலை இருந்தது.

 அவன் சுற்றிலும் பார்த்தான். ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். மேலாளர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேடையையே பார்க்கத் தொடங்கியிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் இன்னும் நாலு வரி போனால் அந்தக் கம்பிதான் மச்சினியின் குரலோடு சேர்ந்து போக வேண்டும். அப்போது எல்லோருக்கும் கேட்கும். என் பள்ளம், என்று அவன் நினைத்தான். மூன்றாவது பள்ளத்தில் இன்னும் ஒரே ஓர் இழுப்பு இழுத்திருக்கலாம். கம்பி வளைந்து போய்விட்டுத் திரும்ப வழியில்லாமல் அங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது. எழுந்து ஓடிப் போகலாம்போல் இருந்தது. எங்கே ஓடுவது, மேடைக்கா?

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டிரம்ஸ் தனியாக உருளும் இடம் வந்தது, ஒரு மூச்சு நேரம்தான். அவள் இடது கை கழுத்தின் மேலே வழுக்கிக்கொண்டு போய், நட்டைத் தாண்டி, கீயைத் தொடாமல், அங்கே நீண்டு கிடந்த கம்பியை ஒரே ஒரு விரலால் ஓர் அழுத்து அழுத்தியது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு அது ஏதோ அலங்கார அசைவு. சிக்கியிருந்த கம்பி பள்ளத்தை விட்டு வழுக்கித் தன் இடத்துக்கு வந்தது. கை கீழே இறங்கியது, மச்சினி வாயைத் திறந்தாள், குரலும் கம்பியும் சேர்ந்து புறப்பட்டன. அவன் காதைத் தீட்டிக் கேட்டான். அலை இல்லை. ஒரு துளிகூட இல்லை.

தன் மனைவிக்கு என்னென்ன தெரியும் என்பதைப் பற்றி அவன் இதற்குமுன் இப்படி உட்கார்ந்து யோசித்ததில்லை. அசையாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அசைகிற இடத்தை மட்டும் தேடித் தேடி அறிந்து வைத்திருக்கிறாள். இத்தனை பேருக்கு முன்னால், பாட்டை நிறுத்தாமல், முகம் மாறாமல், ஒரு விரலால். மூன்றாவது பாட்டு எப்போது முடிந்தது என்று அவனுக்கு நினைவில்லை. எல்லோரும் கைதட்டிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "என் வீட்டுக்காரி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "கிட்டார்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

சாமான்களை ஏற்றிவிட்டு வண்டி நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார்கள். மேலாளர் பாடினவளை மட்டும் உள்ளே அழைத்திருந்தார். டிரம்ஸ்காரனும் கீபோர்டுக்காரனும் மரத்தடியில் நின்றார்கள். அவள் வண்டியின் முன்சீட்டில், கதவைத் திறந்துபோட்டு, மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மூணாவது..." என்று அவன் இழுத்தான்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. இறங்கிருச்சு. அப்புறம் நீ அங்க ஒரு அமுக்கு அமுக்கின பாரு..."

அவள் அவனையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது. ஆனால் வாய் சிரித்துக்கொண்டிருந்தது. "வேற யாருக்குமே தெரியலங்க. டிரம்ஸ்ல இருந்தவனுக்குக்கூடத் தெரியல. நான் தனியா அங்க நின்னு..." அவன் கையைப் பிடித்துத் தன் விரல் நுனிகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள். கம்பி அழுத்திய கோடுகள் இன்னும் சிவப்பாக இருந்தன. அவன் கையில் கல்தூசி அப்பிய வெடிப்புகள். 

அப்போது ஹோட்டலின் கண்ணாடிக் கதவு திறந்தது. மச்சினி வெளியே வந்தாள். இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். குனிந்து, குதிகால் செருப்பு இரண்டையும் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு அவர்களை நோக்கி ஓடிவர ஆரம்பித்தாள். வெயில் அவளுக்குப் பின்னால் ஏரியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. முகம் இன்னும் தெரியவில்லை.